நீங்க எப்ப போனீங்க?

“...அண்ணன் கதை இத்தோட சரியாயிடுச்சு, அது கெடக்கட்டும் அக்கா. நீங்க எப்ப போனீங்க?”

ஜமீலா சிஸ்டர் இதைக் கேட்டபோது அவள் மடியில் என் கணவரின் நோட்டு இருந்தது. கையில் பென்சில். கடைசியாக மலம் கழித்தது எப்போது என்று கேட்கிறாள். நாற்பத்திரண்டு வயதுவரை என்னை யாரும் கேட்காத கேள்வி அது.

அந்தக் கேள்விவரை எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை, வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். மருந்து, சாப்பாடு, தூக்கம் பற்றி யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். இதைச் சொல்ல எல்லோருக்கும் வாய் கூசுகிறது. எனக்கும் கூசியது. அந்தக் கூச்சத்தோடு பொறாமையும் சேர்ந்துகொண்டதில் ஒரு மனிதரை ஆபரேஷன் வாசல்வரை கொண்டுபோய்விட்டேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் பொட்டலம் கட்டி வரும் காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் போடுவேன். அதைவிட எனக்குப் பிடித்தது மனிதர்கள் வாயிலிருந்து வருவது. யாராவது நன்றாக ஒரு வார்த்தை சொன்னால் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அதனால் இதில் என் பேச்சைவிட மற்றவர்கள் பேச்சுதான் அதிகம் இருக்கும்.

கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த வருஷம். மரக்காணத்து உப்பளங்களில் சேறு வாரி, வரப்பு கட்டி, மறுபடி உப்பு எடுக்கத் தொடங்கியிருந்தோம். நான் பாத்தியில் உப்பு வாருகிறவள். என் கணவர் ஏழுமலை லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். ஒரு நாள் காலை தலையில் மூட்டையோடு பலகையில் ஏறியவர் சறுக்கி, முதுகு அடிபட விழுந்தார்.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருக்கிறது, நரம்புக்கு ஒன்றுமில்லை, கத்தி வேண்டாம், சில வாரம் படுக்கை, பிறகு பெல்ட் கட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்திருக்கலாம் என்றார் டாக்டர். நான் பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் அவர் இட்லித் தட்டைத் தள்ளினார். “வாய் கசக்குது” என்றார். ஐந்தாம் நாள் காபியையும் வேண்டாம் என்றார். வயிறு மேளம் போல இருந்தது. எனக்கு முதுகுதான் கண்ணுக்குத் தெரிந்தது, வயிறு தெரியவில்லை. பக்கத்துப் படுக்கைப் பெரியவர்தான் சொன்னார்: “ஏம்மா, ஆசுபத்திரியில சோறு உள்ள போறதைத்தான் எல்லாரும் பாக்கறீங்க. வெளிய போறதை நர்சம்மா மட்டும்தான் பாக்குது. போய் அதைக் கேளு.”

நடையில் டாக்டரைப் பிடித்தேன். நின்றபடியே சொன்னார்.

“வலிக்குக் குடுக்கற மாத்திரை குடலையும் தூங்க வெச்சிடும்மா. அதோட படுத்தே கெடக்கறாரு. சாப்பாடு கம்மி, தண்ணி கம்மி. அதான் முதல் நாள்லேர்ந்தே மலமிளக்கி எழுதியிருக்கேன். ஒழுங்கா குடிக்கறாரா?”

மலமிளக்கி (மலத்தை இளக்கி வெளியேற உதவும் மருந்து) என்று அவர் சொன்னது, கட்டிலடியில் மூடி திறக்காமல் கிடந்த சிரப்பு. பார்த்தால் சளி மருந்து போலிருக்கிறது, சளிதான் இல்லையே என்று இருவரும் விட்டுவிட்டோம். அதன் பெயர் லாக்டுலோஸ் (குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைத்து மலத்தை இளகச் செய்வது). கூடவே இரவில் ஒரு பிசாகோடில் மாத்திரை (தூங்கும் குடலைத் தட்டி எழுப்புவது). இரண்டும் இரண்டு விதமான வேலை. ஒன்று இளக்கும், ஒன்று தள்ளும். வலி மாத்திரை எத்தனை நாளோ அத்தனை நாளும் இவையும் வேண்டும் என்றார். ஒரு தடவை போய்விட்டதே என்று நிறுத்தக் கூடாது.

அந்த முறை ஆறாம் நாள் போனார். வார்டே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. பத்தாம் நாள் வேனில் படுக்க வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

வீட்டுக்கு வந்து பார்க்க ஒரு சிஸ்டரை ஏற்பாடு செய்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சின்ன மருந்தகத்தில் வேலை பார்க்கும் ஜமீலா. முப்பது வயதிருக்கும். கணவர் குவைத்தில். மொபெட்டில் வருவாள். முதல் நாளே நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கட்டில் தலைமாட்டில் ஆணியில் மாட்டினாள். கோடு போட்டுக் கட்டங்கள்: எந்த வேளை வலி மாத்திரை, எத்தனை டம்ளர் தண்ணீர், சிரப்பு குடித்தாரா, போனாரா, எப்படிப் போனது. கடைசிக் கட்டத்தில் மூன்றே வார்த்தைகள்தான் எழுதலாம்: கெட்டி, சரி, தண்ணி.

“மூணாம் நாள் தாண்டக் கூடாது அக்கா. தாண்டினா எனக்குச் சொல்லி அனுப்புங்க. போனாரா போகலையாங்கறதை அவரு மூஞ்சியப் பாத்து எழுதாதீங்க. கேட்டு எழுதுங்க.”

இங்கேதான் எங்கள் தொழில் குறுக்கே வந்தது.

உப்பளம் வெட்டவெளி. ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது. விடியுமுன் வீட்டுப் பக்கத்து முள்காட்டில் ஒதுங்கியதோடு சரி. அதன்பிறகு வேலை முடிந்து வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அதனால் தண்ணீரும் குடிக்க மாட்டோம். என்னோடு வாரும் அஞ்சலை சொல்வாள்: “தண்ணி குடிச்சா தாகம் போயிடும் அக்கா. அப்புறம் நீ எங்க போவே?” சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். என் கணவரும் இருபது வருஷம் அப்படி இருந்தவர். கட்டிலில் படுத்த பிறகும் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான். குடித்தால் யாரையாவது கூப்பிட வேண்டும் என்ற பயம்.

நான் விடியுமுன் அளத்துக்குப் போய்விடுவேன். பக்கத்து வீட்டில் இருக்கும் அவர் தம்பி முனுசாமிதான் காலையில் வந்து பேன் வைப்பார் (படுத்தபடியே மலம் கழிக்க இடுப்பின் கீழ் வைக்கும் தட்டு). ஜமீலா பத்து மணிக்கு வருவாள். நான் திரும்பும்போது பதினொன்று ஆகும். வாசலில் மொபெட் நிற்கும். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஒரு நாள் கதவோரம் நின்று கேட்டேன். உணவு பெருங்குடலில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு தண்ணீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் நாள் ஆக ஆக இறுகும் என்று ஜமீலா சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அப்போ பாத்தி மாதிரின்னு சொல்லு சிஸ்டர்” என்றார் இவர். “தண்ணிய உட்டு நாள் போவப் போவ கல்லு உப்பாயிடுது. என் வயித்துல ஒரு லோடு ஏத்தலாம்.”

“லாரி வரவேணாண்ணா, நானே வந்துட்டேன்ல.”

இருவரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகியது. நல்ல வார்த்தை அது. என்னிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் அவர் கடைசியாகச் சொன்ன வேடிக்கைப் பேச்சு எது என்று நின்ற இடத்திலேயே யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

அதன்பிறகு எல்லாம் கண்ணில் பட்டது. அவள் வரும் நாளில் முனுசாமியைக் கூப்பிட்டு முகம் மழித்துக்கொள்கிறார். அவள் சொன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறார். நான் கொடுத்தால் “அங்க வெச்சிட்டுப் போ” என்கிறார். அவள் உள்ளங்கையை அவர் வயிற்றில் வைத்து, கடிகார முள் போகும் திசையில் மெல்லத் தடவுகிறாள். அது ஒரு சிகிச்சை, குடலை நகரச் செய்ய. எனக்கும் கற்றுக்கொடுத்தாள்தான். ஆனால் அந்த வயிற்றை இருபத்திரண்டு வருஷமாக நிரப்பியவள் நான். ஒரு நாளும் அதைத் தொட்டு இப்படி விசாரித்ததில்லை. எவளோ வந்து விசாரிக்கும்போதுதான் அது என்னுடையது என்று தோன்றியது.

தப்பாக எதுவும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் பொறாமை போய்விடுமா?

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் நோட்டை எடுத்துப் பார்த்தேன். தினமும் நான் வந்ததும் “ஆச்சா?” என்று கேட்பேன். “ஆச்சு” என்பார். நானும் ‘போனார், சரி’ என்று எழுதுவேன். என் எழுத்துக்குக் கீழே ஜமீலாவின் பென்சில் எழுத்து: ‘போகவில்லை. மூன்றாம் நாள். அவரே சொன்னார். சிரப்பு அளவு கூட்டியிருக்கிறேன், அக்காவிடம் சொல்ல வேண்டும்.’

அவரே சொன்னார். அந்த இரண்டு வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

முனுசாமியைப் பிடித்தேன். “அண்ணி, அண்ணந்தான் ஆச்சுன்னு சொல்லச் சொல்லுச்சு” என்று தலையைச் சொறிந்தார். கட்டிலருகே போய் நின்றேன்.

“எங்கிட்ட பொய்யி, அவகிட்ட நெசமா?”

அவர் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதுகு உடைந்தவருக்கு அதுவே பெரிய வேலை. வலியில் பல்லைக் கடித்தார். நான் பிடிக்கப் போகவில்லை.

அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வயிறு திறப்பது என் கையால்தான் திறக்க வேண்டும், அவள் கையால் அல்ல.

ஜமீலா அளவைக் கூட்டச் சொன்ன சிரப்பைப் புளிப்பானைக்குப் பின்னால் வைத்தேன். இரவு மாத்திரையையும் நிறுத்தினேன். மருந்துக்கடையில் இசப்கோல் வாங்கி வந்தேன் (தண்ணீரில் ஊறி உப்பிக்கொள்ளும் ஒரு விதையின் தோல், மலத்துக்குக் கனம் சேர்ப்பது). அளத்து மேஸ்திரி தினமும் அதைத்தான் குடிக்கிறார், குதிரை மாதிரி நடக்கிறார். அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி, மூன்று வேளை. அவர் “இன்னாது இது, கஞ்சி பசை மாதிரி?” என்று கேட்டார். “சிஸ்டர் சொன்னது” என்றேன். அவள் பெயரைச் சொன்னதும் குடித்தார். அதற்கும் வயிறு எரிந்தது.

நோட்டில் சிரப்புக் கட்டத்தில் தினமும் சரி போட்டேன். அவர் எனக்குச் சொன்ன பொய்யை நான் ஜமீலாவுக்குச் சொன்னேன். எங்கள் வீட்டில் அந்த நோட்டுதான் அதிகம் ஏமாந்தது.

நான்காம் நாள் அவர் வேட்டியில் கறை. தண்ணீராக. எனக்கு அளம் முழுக்க ஓடிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ‘போனார், தண்ணி’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். மறுநாளும் கசிந்தது. அதற்கு மறுநாளும். துணி மாற்றி மாளவில்லை. பேதியாகிவிட்டது என்று நினைத்து, பேதியை நிறுத்தும் மாத்திரை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அந்த வாரம் ஜமீலா ஏதோ முகாமுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் எல்லாம் சரியாகி, “உங்க சிரப்பு இல்லாமலே போனாரு” என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தைப் பாத்தியில் உப்பு வாரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அவர் விடிந்ததிலிருந்து இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தார். வயிறு கல்லாக இருந்தது.

ஜமீலா செருப்பைக் கழற்றும்போதே அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். வயிற்றை அழுத்திப் பார்த்தாள். காதுக் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். கையுறை போட்டு, என்னைத் தலைமாட்டில் நிற்கச் சொல்லி, விரலால் சோதித்தாள்.

“பேதின்னு எழுதியிருக்கீங்க. இது பேதி இல்ல அக்கா. கீழ கல்லு மாதிரி அடைச்சிருக்குது. மேல இருக்கற தண்ணி அதுக்குப் பக்கவாட்டுல கசியுது, அவ்வளவுதான்.”

மலக்கட்டி என்றாள் (இறுகிய மலம் குடலின் முடிவில் அடைத்து நிற்பது). வாய்க்காலில் சேறு அடைத்தால் ஓரமாகத் தண்ணீர் ஒழுகுமே, அதைப் பார்த்து வாய்க்கால் ஓடுகிறது என்று யாராவது சொல்வார்களா? நான் சொன்னேன். கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தேன்.

“சிரப்பு குடிச்சிருந்தா இவ்வளவு இறுகாதே. வேற இன்னா குடுத்தீங்க?”

நான் புளிப்பானைப் பக்கம் பார்த்தேன்.

“அக்கா, திட்டறதுக்குக் கேக்கல. வாந்தி எடுக்கறாரு. நான் இங்கயே எனிமா குடுக்கறதா, ஆசுபத்திரிக்குத் தூக்கறதான்னு தெரியணும். குடல் முழுசா அடைச்சிருந்தா நான் செய்யறதே தப்பாயிடும். இன்னா குடுத்தீங்க?”

கட்டிலில் இருந்து அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். பயம்தான் இருந்தது. பல வருஷம் கூட இருந்தும் நான் பார்க்காத பயம்.

புளிப்பானைக்குப் பின்னாலிருந்து சிரப்பை எடுத்து வந்தேன். ஒளித்த அன்று இருந்த மட்டத்தில் அப்படியே இருந்தது. இசப்கோல் டப்பாவை, பேதி மாத்திரை அட்டையை, மூன்றையும் அவள் முன்னால் வைத்தேன். என் திருட்டை நானே வரிசையாக அடுக்கியது போல இருந்தது.

அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. டாக்டருக்குப் போன் போட்டாள். வேன் வந்தது. புதுச்சேரி போகும்வரை அவர் கையை நான் பிடித்திருந்தேன். மறுபக்கம் அவள் நாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். குடல் முழுதாக அடைபடவில்லை. எனிமாவும் (ஆசனவாய் வழியாக மருந்துத் தண்ணீர் ஏற்றுவது), கையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுமாக இரண்டு நாள் ஆனது. அதைப் பற்றி விரித்து எழுத மாட்டேன். அவர் சத்தம் போட்டதை நடையில் உட்கார்ந்து கேட்டேன் என்பது மட்டும் போதும்.

“இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா வயித்தைத் திறக்க வேண்டி வந்திருக்கும்” என்றார் டாக்டர். பிறகு என்னிடம் சொன்னது உங்களுக்கும் சேர்த்துதான். இசப்கோல் கெட்ட பொருள் அல்ல. நடமாடி, நிறையத் தண்ணீர் குடிக்கிறவருக்கு நல்லது. அபினி வகை வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் படுத்திருப்பவருக்கு அது உள்ளே போய்ப் பசையாக அடைத்துக்கொள்ளும். பல நாள் போகாமல் இருந்து திடீரென்று தண்ணீராகக் கசிந்தால், பேதி என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை கொடுக்கக் கூடாது. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் இருந்தால் வீட்டில் எதையும் கொடுத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி.

டாக்டரிடம் ஜமீலா சொன்னதையும் கேட்டேன். “வீட்டுல இசப்கோல் குடுத்திருக்காங்க சார், தண்ணி பத்தல. பேதி மாத்திரையும் உள்ள போயிருக்குது.” அவ்வளவுதான். சிரப்பை ஒளித்ததைச் சொல்லும்போது ‘நின்னுபோச்சு’ என்றாள். அந்தப் பெருந்தன்மை மேலும் எனக்குப் பொறாமை வந்தது. திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நானே கேட்டுவிட்டேன்.

“உன்னைப் பாத்தா எனக்கு எரியுது சிஸ்டர். தெரியுமா உனக்கு?”

“தெரியும். மொபெட் சத்தம் கேட்டா பாத்திரத்த உருட்டுவீங்களே.” சிரித்தாள். பிறகு கையிலிருந்த கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்: “என் வீட்டுக்காரர் போன்ல ‘சாப்ட்டேன்’னு சொல்றாரு. சாப்ட்டாரா, ஒத்துக்கிச்சா, எனக்கு எப்படித் தெரியும்? மூணு வருஷமாச்சு. எனக்கும் உங்கள பாத்தா எரியுதுக்கா. கோவப்படறதுக்கு ஆளு பக்கத்துலயே படுத்திருக்குது.”

முந்தானையில் முடிந்துகொண்டேன். கனமான வார்த்தை.

வீடு திரும்பிய பிறகு அவரிடம் கேட்டேன், ஏன் அவளிடம் மட்டும் நிஜம் என்று. இந்தத் தடவை அவர் சுவர் பக்கம் திரும்பவில்லை.

“அது கேட்டா கேள்வி. நீ கேட்டா கவலை. கேள்விக்குப் பதில் சொல்லலாம். கவலைக்கு இன்னா சொல்றது? நாலு மணிக்கு எழுந்து போறே. வெயில்ல காஞ்சு வர்றே. வந்ததும் ‘ஆச்சா’ன்னு மூஞ்சியப் பாக்கறே. ஆவலேன்னு சொன்னா நீ சோறு துன்ன மாட்டே. அதான் ஆச்சுன்னேன்.”

எனக்குச் சோறு இறங்க வேண்டும் என்று அவர் பொய் சொன்னார். அது என்னிடமிருந்து வந்த பொய்யைவிட நல்ல பொய்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரே குடலில்தான் அடைத்துக்கொண்டன.

அதன்பிறகு நான் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். முகத்தைப் பார்க்காமல், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விலை கேட்பது போலக் கேட்டேன். “இன்னிக்கு?” “இல்ல.” “காத்து?” “பிரிஞ்சுது.” எழுதிவிட்டு, அவர் எதிரிலேயே சோறு சாப்பிட்டேன். இரண்டாம் நாளே அவருக்கு இது பழகிவிட்டது. எனக்குத்தான் ஒரு வாரம் ஆயிற்று.

சிரப்பு நேரத்துக்கு. தண்ணீருக்கு ஜமீலா ஒரு வழி சொன்னாள்: ஒரே மூச்சில் வேண்டாம், மணிக்கு அரை டம்ளர், கூடவே சிறுநீர் பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்தில் மாட்டி வைத்துவிடுங்கள், யாரையும் கூப்பிட வேண்டாம் என்று தெரிந்தால் தானாகக் குடிப்பார். குடித்தார். பெரிய முதலியார்சாவடியில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் வரும்போதெல்லாம் பப்பாளியும் வாழைத்தண்டும் கொண்டுவந்தாள்.

பெல்ட் கட்டி உட்காரலாம் என்று டாக்டர் சொன்னதும், முனுசாமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை அறுத்துக் கீழே வாளி வைத்தார். உட்கார்ந்து, பாதத்துக்கு ஒரு சின்னப் பலகை வைத்து முட்டி உயர்ந்திருந்தால் வேலை பாதி சுலபம். படுத்தபடி யாருக்கும் எளிதில் போகாது. காலையில் காபி குடித்த சற்று நேரத்தில் குடல் தானாக அசையுமாம். அந்த நேரத்தில் உட்கார வைக்க வேண்டும். ஒரு புடவையைத் திரையாகக் கட்டி, எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். முக்கச் சொல்லக் கூடாது. வரவில்லையென்றால் எழுப்பிவிட்டு அடுத்த வேளை பார்க்கலாம்.

முதல் நாள் நான் அளத்துக்குப் போகவில்லை. புடவைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது. “செம்பகம்! லோடு எறங்கிடுச்சு!”

என்னைக் கூப்பிட்டார். ஜமீலா அன்று வரும் நாள், வாசலில் அப்போதுதான் மொபெட்டை நிறுத்தினாள். ஆனாலும் என் பெயரைத்தான் கூப்பிட்டார். இதை எழுதும்போதும் எனக்கு முகம் மலர்கிறது. அந்த வார்த்தைக்காக நான் காத்திருந்தேன் என்று அன்றுதான் தெரிந்தது.

தெரு முழுக்கச் செய்தி பரவிற்று. தண்ணிக் குழாயில், கடையில், அளத்தில், எங்கே பார்த்தாலும் “அண்ணனுக்கு ஆச்சா?” என்று கேட்டார்கள். “ஆச்சு” என்று சொல்லிச் சொல்லி, ஒரு நாள் வரப்பில் நிற்கும்போது எனக்கு என்னமோ போலாகிவிட்டது. அடிவயிறு கனத்தது. காலையில் தண்ணீர் பிடிக்க, சோறு வடிக்க, அவருக்கு மருந்து கொடுக்க என்று முள்காட்டுப் பக்கம் போகவே இல்லை. நேற்றும் போகவில்லை. அது ஒன்றும் புதிதில்லை. சின்ன வயதிலிருந்து மூன்று நாள், நாலு நாள் என்றுதான் என் உடம்பு. போகும்போது வலிக்கும். சில சமயம் ரத்தம் வரும். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்துவிடுவேன். அஞ்சலைக்கும் அப்படித்தான் இருக்கும், அவளும் சொன்னதில்லை.

அப்போதுதான் புரிந்தது, இத்தனை நாள் எனக்கு யார் மேல் எரிந்தது என்று. ஜமீலா மேல் பாதி. மீதி, கட்டிலில் படுத்து, வயிற்றில் கை வைத்து விசாரிக்கப்பட்ட அந்த மனிதர் மேல்.

கடைசியாக அவள் வந்த நாள் அவர் பெல்ட் கட்டி வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தார். வலி மாத்திரை நின்றுவிட்டது. சிரப்பு வாரம் வாரமாகக் குறைந்து நின்றது. ஜமீலா நோட்டை ஆணியிலிருந்து எடுத்து, முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். என் பொய்ச் சரிகள் இருந்த பக்கத்தில் நிற்காமல் தாண்டினாள். கடைசிப் பக்கத்தில் ‘சரி’ என்று எழுதிக் கோடு போட்டாள். நோட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். இத்தனை நாள் இவள் போகட்டும் என்றிருந்த எனக்கு, போகிறாளே என்றிருந்தது.

அப்போதுதான் கேட்டாள், நீங்க எப்ப போனீங்க என்று.

அவளைப் பார்த்தேன். அது கவலை இல்லை, கேள்விதான். விரலை மடக்கி எண்ணத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த நாளெல்லாம் பாத்திக்குத் தண்ணீர் விட்ட நாள், உப்பு வாரிய நாள், லாரி வந்த நாள். அதை வைத்துத்தான் எண்ண முடிந்தது. லாரி வந்தது வெள்ளிக்கிழமை, அன்றைக்கு இல்லை. அதற்கு முதல் நாளும் இல்லை. ஒரு கை விரல் முடிந்துவிட்டது. இத்தனை வருஷமாக இந்த உடம்புக்கென்று ஒரு நாள், ஒரு நேரம் நான் வைத்திருக்கவில்லை.

வெளியே அவர் நடக்கும் சத்தம் நின்றது. “சொல்லேன்” என்றார் வாசலிலிருந்து.

ஜமீலா என் மடங்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டில் அவர் பக்கம் முடிந்த இடத்துக்கு அடுத்த வெள்ளைத் தாளைத் திருப்பினாள். முட்டியில் வைத்து, முன்பு போலவே கட்டங்கள் போட்டாள். பென்சிலை நாக்கில் தொட்டு, மேலே ‘செண்பகம்’ என்று எழுதினாள்.